அக்காவின் இடது கன்னம்

புதிதாகக் கேமரா வாங்கியவனிடம் கல்யாண வயதில் இருக்கும் யாரும் முதல் ஆறு மாதம் முகத்தைக் காட்டக் கூடாது. அடித்துச் சொல்வேன். அந்த ஆறு மாதத்தில்தான் என் சொந்த அக்காவின் பாதி முகத்தை நான் காணாமல் ஆக்கினேன்.

அப்போது மத்திகிரியில் வாடகை வீடு. செல்வி அக்காவுக்கு சூளகிரிப் பக்கம் ஒரு கம்பெனியில் குவாலிட்டி செக்கிங். வரும் பாகங்களையெல்லாம் டார்ச் அடித்து, திருப்பித் திருப்பிப் பார்த்து, கீறல் இருந்தால் ஓரமாகத் தள்ளும் வேலை. நான் டிப்ளமோ முடித்த டிரெய்னி. பால் வாங்கப் போனாலும் செகண்ட் ஹேண்ட் கேமரா கழுத்தில் தொங்கும். (குளிக்கும்போது மட்டும் கழற்றுவேன்.)

ஒரு நாள் காலை அக்காவை ஜன்னலோரம் நிற்க வைத்து ஒரு படம் எடுத்தேன். வலது கன்னத்தில் பளீரென்று வெயில். இடது பக்கம் கும்மிருட்டு. ஆள் படத்தின் ஓரத்தில். மீதி இடமெல்லாம் வெள்ளையாக எரிந்துபோன ஜன்னல். எனக்குப் புல்லரித்துவிட்டது. எங்கள் போட்டோ குழுவின் மூத்தவர் சேகர் அண்ணனிடம் ஓடிப்போய்க் கருத்துக் கேட்டேன். ('பாராட்டுங்கள்' என்பதை அப்படித்தான் நாகரிகமாகக் கேட்பார்கள்.)

"தம்பி, இருட்டுல ஒண்ணுமே தெரியல. ஜன்னல் வெந்து போச்சு. ஆளை ஓரமா தள்ளிட்டு நடுவுல என்னத்தக் காட்டுற? அந்தப் பக்கம் ஒரு வெள்ளைத் துண்டைப் புடிச்சிருந்தாக்கூட வெளிச்சம் திரும்பி முகத்துல விழுந்திருக்குமே" என்றார்.

பொறாமை என்று முடிவுகட்டினேன்.

அதே வாரம் வரன் வந்தது. தரகர் கொண்டுவந்ததாகத்தான் அப்பா நினைத்தார். உண்மையில் மாப்பிள்ளை முருகேசன் அக்காவின் கம்பெனி பஸ்ஸில் தினமும் வருகிறவர். இருவரும் பேசி வைத்து, தரகரை அனுப்பியதே அவர்தான். இது வீட்டில் எனக்கு மட்டும் தெரியும்.

"ஸ்டுடியோவுல எடுத்த போட்டோவை அனுப்புடா. இது மட்டும் தட்டிப் போச்சு, உன்னை உசுரோட விடமாட்டேன்" என்றாள் அக்கா.

நான் எடுத்த ஜன்னலோரப் படத்தை அனுப்பினேன். கலைக்கு ஒரு வாய்ப்புக் கொடுக்க வேண்டாமா?

ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளையோடு அவருடைய பெரியம்மா. குந்தாரப்பள்ளிச் சந்தையில் மாடு வாங்கி விற்கும் குடும்பம். பல்லைப் பார்க்காமல் அந்த அம்மா எதையும் வீட்டுக்கு ஓட்டிக்கொண்டு போனதில்லை. பஜ்ஜியைத் தொடாமல் போனை எடுத்தார்.

"தப்பா நெனைக்காதீங்க. போட்டோவுல இந்தப் பக்கம் ஒண்ணுமே தெரியலீங்க. என்னாத்துக்கு மறைச்சி அனுப்புனீங்க? இங்க வெள்ளையா என்னாவோ எரியுது. பொண்ணை ஏன் மூலையில நிறுத்தி வச்சிருக்கீங்க?"

சேகர் அண்ணன் சொன்ன அதே மூன்று குறைகள்! அதே வரிசையில்! கேமராவைத் தொட்டே பார்க்காத அம்மா!

அப்பா என்னைப் பார்த்தார். அப்போதாவது நான் வாயை மூடியிருக்கலாம். "அது கான்ட்ராஸ்ட்டுங்கம்மா. நிழல்லதான் அக்காவோட ஆழமே இருக்கு" என்றேன்.

"ஆழமா? எவ்ளோ ஆழம்? தையல் போட்டாங்களா?"

முருகேசன் பாவம். அந்த இடது கன்னத்தைத் தினமும் பக்கத்து சீட்டிலிருந்து பார்த்த ஒரே சாட்சி அவர்தான். வாயைத் திறந்தால் குட்டு உடைந்துவிடும். தட்டிலிருந்த கேசரியையே முறைத்துக்கொண்டிருந்தார். பெரியம்மா, "ஊட்டுக்குப் போயி சொல்லி அனுப்புறோங்க" என்று எழுந்தேவிட்டார். அக்காவின் கல்யாணத்தை நானே கெடுத்துவிட்டேன் என்பது அந்த நிமிடம்தான் உறைத்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

உள் அறையிலிருந்து அக்கா வந்தாள். நேராக அதே ஜன்னலோரம் போய் நின்றாள். போனில் டார்ச்சைப் போட்டு இடது கன்னத்தில் அடித்தாள்.

"நல்லா பாத்துக்கங்கம்மா. கீறல் இல்ல, பள்ளம் இல்ல, தையலும் இல்ல."

எனக்கு என்ன தோன்றியதோ, அப்பாவின் தோளிலிருந்த வெள்ளைத் துண்டை உருவி அந்தப் பக்கம் விரித்துப் பிடித்தேன். (சேகர் அண்ணன் சொன்னது சரிதான். வெளிச்சம் அருமையாகத் திரும்பியது.)

அக்கா டார்ச்சை மாப்பிள்ளை மேல் திருப்பினாள். "உங்க போட்டோவும் முன்பக்கம் மட்டுந்தான் வந்துச்சு. கொஞ்சம் திரும்புங்க."

முருகேசன் மறுபேச்சில்லாமல் எழுந்து இடது பக்கம் திரும்பினார், வலது பக்கம் திரும்பினார், கேட்காமலே முதுகையும் காட்டினார். பெரியம்மா சிரித்த சிரிப்பில் பிளாஸ்டிக் நாற்காலி கிறீச்சிட்டது.

"மாட்டைச் சுத்தி வந்து பாத்திருக்கேன். மாப்பிள்ளையைச் சுத்தவுட்டுப் பாத்த பொண்ணு இவதான். தட்டை மாத்துங்க!" என்று பஜ்ஜியை எடுத்தார்.

கல்யாணத்தில் கேமரா இருக்கும் திசைக்கே என்னை விடவில்லை. அந்த ஜன்னலோரப் படத்தை முருகேசன் மாமா பெரிதாக்கி, சட்டம் போட்டு அவர்கள் வீட்டு ஹாலில் மாட்டியிருக்கிறார். மீதி முகம் எங்கே என்று வருகிறவர்கள் கேட்டால், "மச்சான்கிட்ட இருக்கு, இன்னும் குடுக்கல" என்பார்.

இப்போது எனக்குப் பெண் பார்க்கிறார்கள். படம் எடுத்தது அக்கா. பிடிவாதமாக ஜன்னலோரம்தான் நிறுத்தினாள். பாதி முகம் கும்மிருட்டு, ஆள் ஓரத்தில், நடுவில் எரிந்த ஜன்னல். தரகருக்கும் அதையேதான் அனுப்பினாள். இதுவரை ஒரு வீட்டிலிருந்தும் கூப்பிடவில்லை. பெரியம்மா மட்டும் படத்தை வாங்கி நெடுநேரம் பார்த்துவிட்டுக் கருத்துச் சொன்னாராம்: "தெரியற பக்கத்தைப் பாத்தா, மறைச்சதே நல்லதுன்னு தோணுது."