கிழியாத கெண்டைக்கால்

இனிமேல் எவர் வீட்டுச் சாமானையும் தூக்குவதில்லை என்று ஆகஸ்ட் மாதம் ஒரு புதன்கிழமை சபதம் எடுத்தேன். மனைவி வேணுகாவிடம் சொல்லவில்லை. சொன்னால் அது சபதமாக இராது, விண்ணப்பமாகிவிடும்.

சுவிசில் எங்கள் ஆட்கள் வீடு மாறினால் சாமான் ஏற்றக் கொம்பனியைக் கூப்பிடுவதில்லை. சொந்தக்காரரைக் கூப்பிடுவார்கள். போன வருடம் அப்படித்தான் ஒரு சனிக்கிழமை சகலனின் சோபாவைத் தூக்கினேன். அடுத்த நாள் எங்கள் ஊர்ச்சங்க விளையாட்டு விழா. கயிறிழுத்தலில் கலியாணம் கட்டினவர்களின் அணிக்கு நான்தான் கடைசி ஆள், கயிற்றை இடுப்பில் சுற்றிக்கொண்டு நங்கூரம்போல நிற்பவன். விசில் ஊதியதும் தொடை இரண்டும் நடுங்கத் தொடங்கின. கலியாணம் கட்டாத பொடியள் எங்களைப் புல்லோடு இழுத்துக்கொண்டு போனார்கள். என் வெள்ளைக் காற்சட்டை பச்சையான படம் இன்றைக்கும் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் கிடக்கிறது. இந்த வருடமும் தோற்றால் நான் ஊர் பேரையே மாற்றிச் சொல்லவேண்டி வரும்.

இப்படியிருக்க, விழாவுக்கு முந்திய சனிக்கிழமை தம்பி வீட்டுக்குப் போகவேண்டும் என்று வேணுகா சோறு போட்டபடி சொன்னாள். தம்பி என்றால் என் மைத்துனன் அருட்செல்வன். எம்மன்புரூக்கே என்ற ஊரில் மூன்றாம் மாடியில் இருக்கிறான். லிஃப்ட் இல்லை. மாதக் கடைசியோடு ஷ்லீரனுக்கு, எங்களுக்கு அடுத்த தெருவுக்கு வருகிறான். அவனிடம் ஒரு டீப் பிரீசர் உண்டு. ஒரு முழு ஆடு குனியாமல் உள்ளே போகலாம். அந்தச் சனிக்கிழமை அதை இறக்கப்போவது நான்தான் என்று கணக்குப் போட்டுக்கொண்டேன்.

அடுத்த நாள் பேக்கரி வேலையின் இடைவேளை முழுவதும் போனில் தசைகளைப் பற்றித் தேடினேன். மனிதருக்கு வரக்கூடிய எல்லாச் சந்தேகத்துக்கும் பதில் இருந்தது. உடம்பில் எத்தனை தசை? அறுநூறுக்கு மேல். திடுக்கிட்டுப் போனேன். அத்தனையையும் வைத்துக்கொண்டா பொடியளிடம் தோற்றேன்? எது மிகப் பெரியது? உட்காரும் தசை. அதில் எனக்குக் குறையில்லை. தசை தள்ளுமா, இழுக்குமா? இழுக்க மட்டும்தான் தெரியுமாம். மெய்சிலிர்த்துவிட்டது. ஆண்டவன் மனிதனைக் கயிறிழுக்கத்தான் படைத்திருக்கிறான், பிரீசர் தள்ள அல்ல. அந்த மெய்சிலிர்ப்பும் மயிரடியில் உள்ள குட்டித் தசைகளின் வேலை என்று கீழே போட்டிருந்தது.

கற்றதை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. இதுதான் நான் விட்ட பிழை. இரவுச் சாப்பாட்டில் வேணுகாவுக்கு வகுப்பே நடத்தினேன். அவள் முதியோர் இல்லத்தில் வேலை செய்பவள், நாள் முழுவதும் ஆட்களைத் தூக்கி இருத்துபவள். நாடியைக் கையில் தாங்கிப் பொறுமையாகக் கேட்டாள்.

"அப்ப பாரம் இழுத்தால் எப்ப நோகும்?"

"அடுத்த நாள் தொடங்கும். ரெண்டாம் நாள்தான் உச்சம்."

"அந்த நோவோட வேலை செய்யலாமோ?"

"தாராளமாச் செய்யலாம். அது காயமில்லை. மெல்ல அசைஞ்சால் இன்னும் நல்லது."

வெள்ளி பின்னேரம் படியில் ஏறும்போது "ஐயோ" என்று கத்திக்கொண்டு அப்படியே குந்திவிட்டேன். எந்தத் தசையைக் கிழிப்பது என்று நன்றாக யோசித்துத்தான் செய்தேன். கை என்றால் கயிறு பிடிக்க முடியாது. முதுகு என்றால் டொக்டரிடம் இழுத்துப் போவாள். கெண்டைக்கால்தான் பாதுகாப்பு. வேணுகா ஓடி வந்து எந்தக் கால் என்று கேட்டாள். இடது கால் என்றேன்.

"அப்ப நாளைக்குத் தம்பி வீட்டை வரேலாதோ?"

"மனம் இருக்கு, வேணுகா. தசைதான் விடுகுதில்லை."

அவள் முகம் வாடிவிட்டது. எனக்கே பாவமாக இருந்தது. ஆனால் காற்சட்டைப் படம் ஞாபகம் வந்ததும் பாவம் போய்விட்டது.

சனி காலை அவளே தைலம் பூசிவிட்டாள். நான் கண்ணை மூடி, தேவையான அளவுக்கு முனகினேன். பக்கத்தில் மட்டன் ரோல்ஸ் வைத்துவிட்டுத் தனியாக ரயிலேறிப் போனாள். நான் காலை நீட்டிக்கொண்டு நாலு ரோல்ஸையும் முடித்தேன். இதயத் தசை மட்டும் ஓய்வே எடுப்பதில்லை என்று படித்திருந்தேன். மற்ற எல்லாவற்றுக்கும் அன்றைக்கு விடுமுறை கொடுத்தேன்.

ஞாயிறு காலை கால் சுகமாகிவிட்டது என்று அறிவித்தேன். வேணுகா, எல்லாம் பிள்ளையார் செயல் என்று திருநீறு பூசி அனுப்பினாள். மைதானத்தில் நான் இழுத்த இழுப்பைச் சொன்னால் நம்பமாட்டீர்கள். பொடியள் வரிசையாக வந்து என் காலடியில் விழுந்தார்கள். அருட்செல்வன் ஓடி வந்து கட்டிப்பிடித்தான். "அத்தான், இந்தப் பலத்தைச் செலவழிக்காமல் வைச்சிருங்கோ" என்றான். நானும் பெருமையோடு தலையாட்டினேன்.

வீட்டுக்கு வந்து வெற்றிக் கிண்ணத்தைத் தொலைக்காட்சிக்குப் பக்கத்தில் வைத்தேன். வேணுகா அதைத் துடைத்தாள்.

"செவ்வாய்க்கிழமை வெள்ளெனவே எழும்புங்கோ. தம்பி வீடு மாறுறான்."

"அது சனிக்கிழமையே முடிஞ்சுதே?"

"சனிக்கிழமை பெட்டி கட்டப் போனனான். தம்பி வீட்டை போகவேணும் எண்டுதானே சொன்னன், வீடு மாறுறான் எண்டு சொன்னனானோ? செவ்வாய்தான் புது வீட்டுத் திறப்பைக் கையில குடுக்கினம். உங்களுக்கும் ஓய்வு நாள் எண்டு நான்தான் அந்த நாளைக் கேட்கச் சொன்னனான்."

"என்ர கால்?"

"எந்தக் கால்? வெள்ளிக்கிழமை கிழிஞ்சது இடது. நான் தைலம் பூசினது வலது. நீங்கள் வலதுக்குத்தான் முனகினீங்கள்."

கிண்ணத்தைப் பார்த்தேன். ஊர் முழுக்கப் பார்க்க வென்றாயிற்று. இனி எந்த முகத்தோடு நொண்டுவது?

திங்கள் காலை நோவு தொடங்கியது. செவ்வாய், இணையத்தில் சொன்னபடியே, உச்சம். கட்டிலிலிருந்து இறங்கவே சுவரைப் பிடிக்கவேண்டி இருந்தது. அறுநூறு தசையும் தனித்தனியாகத் தம் பெயரைச் சொல்லி அழுதன. இது சத்தியமான நோவு என்று வேணுகாவிடம் கெஞ்சினேன். ஓம், தெரியும், அது காயமில்லை, அசைஞ்சால் நல்லது என்று நீங்கள்தானே படிப்பிச்சனீங்கள் என்றாள். கையுறையும் தந்தாள்.

மூன்றாம் மாடியிலிருந்து பிரீசர் இறங்கியது. மேல்பக்கம் நான், கீழ்ப்பக்கம் வேணுகா, பக்கவாட்டில் பிடித்தபடி அருட்செல்வன். பாரம் முழுவதும் கீழேதான். அவளுக்கு மூச்சுக்கூட வாங்கவில்லை. நான் ஒவ்வொரு படிக்கும் ஒரு தடவை அலறினேன். அயல்வீட்டுச் சுவிஸ்காரர் கதவைத் திறந்து பார்த்தார். அருட்செல்வன் பயந்துபோய், அத்தானுக்கு உண்மையிலேயே தசை கிழிந்துவிட்டதோ, இறக்கி வைப்போமா என்று கேட்டான். என் கண்ணில் நன்றிக் கண்ணீர் வந்தது.

வேணுகா திரும்பியும் பார்க்கவில்லை.

"நீ பிடி தம்பி. இவருக்குத் தசை கிழிஞ்சால் கத்தமாட்டார். நாலு ரோல்ஸ் சாப்பிடுவார்."