நான் தின்ற முகவரி

மனு என்றால் அதற்கு நான்கு உறுப்புகள் உண்டு. யாருக்கு, என்ன குறை, என்ன கோரிக்கை, யாரிடமிருந்து. கடைசி உறுப்பு இல்லாத மனுவை எந்த அலுவலகமும் தொடாது. இதைச் சொல்லியே என் உத்தியோக காலத்தில் எத்தனையோ பேரைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். அப்படிப்பட்ட நான், ஒரு மனுவின் கடைசி உறுப்பைப் பட்டப்பகலில் மென்று விழுங்கியவன். (காகிதத்துக்கு ருசி கிடையாது. மைதான் லேசாகக் கசக்கும்.)

இட ஒதுக்கீட்டுப் போராட்டம் நடந்துகொண்டிருந்த சமயம். நான் வெள்ளிமலையில் ஓர் அலுவலகத்தில் தினக்கூலி எழுத்தன். தேர்வு எழுதிவிட்டு நிரந்தர வேலைக்கான உத்தரவுக்குக் காத்திருந்தேன். என் பெயரில் ஒரு போலீஸ் வழக்கு விழுந்தால் அந்த உத்தரவு வராது. அது எனக்கு விதி எண்ணோடு தெரியும்.

சட்டமன்ற மனுக் குழு கள்ளக்குறிச்சிக்கு வருகிறது என்று கேள்விப்பட்டு, குப்பாயி அக்கா என்னைத் தேடி வந்தார். வெள்ளிமலைக்கும் உள்ளே, ஜீப் போகாத ஊர்க்காரர். அவருடைய தம்பி மனைவியைப் பிரசவ வலியோடு தூளி கட்டித் தூக்கி வந்தார்கள். பாதி வழியிலேயே தாயும் போய்விட்டாள், பிள்ளையும் போய்விட்டது.

"ரோடு வேணும்னு எழுது சாரு. எங்கப்பாரும் கேட்டுக்கினுதான் செத்தாரு."

மடிப்பு மடிப்பாகக் கிழிந்த ஒரு தாளை நீட்டினார். வெள்ளைக்காரன் காலத்தில், மலையை ஆண்ட ஜாகீர்தாரைத் தாண்டி, சென்னைச் சட்டசபைக்கே அவர் அப்பா அனுப்பிய மனுவின் நகல். அதே பாதைக்காக. பதில் வரவில்லை. ஆனால் அந்த நடை! "கனம் பொருந்திய சபையார் சமூகத்துக்கு" என்று தொடங்கி அருவி மாதிரி ஓடியது. எனக்கு மெய்சிலிர்த்தது. ஒரு வரி விடாமல் அப்படியே எடுத்துக்கொண்டேன். நாற்பத்து மூன்று பேரிடம் கைரேகை வாங்கித் தனித்தாளில் சேர்த்தோம். மனுவின் அடியில், "எழுதியவரும் பதில் பெறுபவரும்" என்று போட்டு என் பெயர், பட்டம், கள்ளக்குறிச்சி முகவரி எல்லாவற்றையும் கொட்டை எழுத்தில் எழுதினேன். சட்டமன்றமே என் பெயரைப் படிக்கப்போகிறது அல்லவா?

குழு வந்த அன்று, மலையடிவாரத்துக் கச்சிராயபாளையம் வரை ஜீப் வந்தது. அதற்கு மேல் சாலையில் போராட்டக்காரர்கள் புளியமரங்களை வெட்டிப் போட்டிருந்தார்கள். நானும் அக்காவும் கிளைகளுக்குள் புகுந்து நடந்தோம். டீக்கடைக்காரர் எச்சரித்தார்.

"பாத்துப் போங்க. மரம் வெட்டுன ஆளுங்கள லாரி லாரியா புடிக்கிறாங்க. கையில பேரு லிஸ்ட்டு கிஸ்ட்டு இருந்தா அவ்ளோதான்."

என்னிடம்தான் லிஸ்ட் இல்லையே, மனு அல்லவா இருக்கிறது என்று பெருமையோடு அதை இன்னொரு தரம் பிரித்துப் படித்தேன். பன்னிரண்டாவது வரியில் கால் நின்றுவிட்டது.

"பாதையில் உள்ள மரங்களைக் கீழ்க்கண்ட நாங்கள் எங்கள் கையாலேயே வெட்டிப்போடுவோம் என்று இதனால் உறுதி கூறுகிறோம்."

அரசாங்கத்துக்குக் கூலிச் செலவு வைக்கமாட்டோம் என்ற நல்லெண்ணத்தில் அவர் அப்பா சொன்ன வார்த்தை. ஆனால் இந்த வாரத்தில் இது நாற்பத்து மூன்று பேரின் ஒப்புதல் வாக்குமூலம். ரேகையோடு! எழுதியவன் முகவரியோடு!

தலை நிமிர்ந்தால் எதிரே போலீஸ் லாரி. ஒரு காவலர் கையைக் காட்டிக் கூப்பிடுகிறார். அந்த நொடியில் நான் செய்திருக்க வேண்டியது, ரேகைத் தாளை ஒளிப்பது. நான் செய்தது, மனுவின் அடியில் இரண்டு விரல் அகலம் கிழித்து வாயில் போட்டுக்கொண்டது. நாற்பத்து மூன்று பேரையும் தாளில் விட்டுவிட்டு என் பெயரை மட்டும் தின்றேன். அக்கா பார்த்துக்கொண்டே இருந்தார்.

லாரியருகே நின்ற இன்ஸ்பெக்டர் மனுவை வாங்கிச் சத்தமாகப் படித்தார். பன்னிரண்டாவது வரிக்கு வந்ததும் குரல் இறங்கியது. பிறகு ரேகைகளை எண்ணினார்.

"எழுதுனவன் எவன்?"

எனக்கு வாய் திறக்க முடியாத நிலைமை. முகவரியில் பின்கோடு பகுதி இன்னும் இறங்கவில்லை.

"யோவ், வாயில இன்னா?"

"வெத்தல…" என்றேன்.

"நீல வெத்தலயா?"

உதடெல்லாம் மை. இனி அக்கா என் பக்கம் விரலை நீட்டினால் முடிந்தது. அவர் நீட்டவில்லை.

"எங்கப்பாரு எழுதுனதுங்க," என்றார்.

"எங்க அந்த ஆளு? கூட்டியா."

"அவரு செத்து முப்பது வருசம் ஆவுதுங்க."

மடியிலிருந்து பழைய நகலை எடுத்துக் கொடுத்தார். எழுதப் படிக்கத் தெரியாதவர்தான். ஆனால் நான் ஒரே ஒரு தடவை படித்துக் காட்டியதை முதல் வரியிலிருந்து அப்படியே ஒப்பித்தார். நடுவில் தம்பி மனைவி எந்த இடத்தில் செத்தாள் என்பதை மட்டும் சொந்தமாகச் சேர்த்துக்கொண்டார். இன்ஸ்பெக்டர் இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வரி வரியாகப் பார்த்தார். லாரியின் பின்கதவு திறந்தேதான் இருந்தது.

"அந்த ஒரு வரிய அடிச்சிட்டுப் போம்மா," என்றார் கடைசியில். "இந்த நீலவாயனையும் கூட்டிக்கினு போ."

கள்ளக்குறிச்சியில் குழு தங்கியிருந்த பயணியர் மாளிகையில் மனு வாங்கிய எழுத்தர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பதில் யாருக்கு அனுப்பறது? பேரு, முகவரி இல்லாம வாங்கக்கூடாது சார்."

"ஆமாம், விதி அப்படித்தான்," என்றேன். வாயில் வந்துவிட்டது. பழக்கதோஷம்.

அக்கா என்னைப் பார்த்தார். அந்தப் பார்வைக்கு லாரியே தேவலாம்.

"எம்பேரு போடு சாரு. நான் எங்கயும் ஓடமாட்டேன்."

சட்டைப் பையைத் தடவினேன். என் பேனாவை லாரிப் பக்கமே தவறவிட்டிருந்தேன். எழுத்தரிடம் கேட்டேன். "எதுக்கு சார், நாக்கால எழுதுங்களேன், மை ஜாஸ்தியாவே இருக்குது," என்றபடி கொடுத்தார். "குப்பாயி, முதல் மனுதாரர்" என்று எழுதினேன். நான் அன்று எழுதியதில் உருப்படியானது அந்த ஒரு வரிதான்.

பதில் அவர் பெயருக்கே வந்தது. பிறகு அளந்தார்கள், மறந்தார்கள், மறுபடி அளந்தார்கள். சில வருடங்களில் மண்சாலை வந்தது. எனக்கும் வேலை வந்தது. வழக்கு ஏதும் இல்லாதவன் என்று அந்த இன்ஸ்பெக்டரின் காவல் நிலையமே சான்று கொடுத்தது.

என் கல்யாணத்துக்கு அக்கா வந்தார். திருமணப் பதிவேட்டில் நான் கையெழுத்துப் போடக் குனிந்தபோது, மண்டபம் முழுக்கக் கேட்கும்படி என் மனைவியிடம் சொன்னார்: "கண்ணு, இவரு கையெழுத்துப் போட்டதும் காய்தத்த வாங்கி உன் கையில வச்சிக்கோ. பேர முழுங்கிப்புடுவாரு." ஏன் என்று பெண் வீட்டார் கேட்க, அவர் விளக்கமாகவே சொன்னார்.

அன்றிலிருந்து வங்கியானாலும் ரேஷன் கடையானாலும் நான் கையெழுத்துப் போட்ட மறுநொடி தாள் என் மனைவி கைக்குப் போய்விடும். போன மாதம் ஓய்வூதியத்துக்காக உயிரோடிருக்கும் சான்று கொடுக்கப் போனோம். வழக்கம்போல அவள் தாளைப் பிடுங்க, அங்கிருந்த பெண் அலுவலர் காரணம் கேட்க, என் மனைவி தொடக்கத்திலிருந்து சொன்னாள். அலுவலர் சிரிக்கவில்லை. மேசையில் என் கைக்கெட்டும் தூரத்தில் கிடந்த மற்ற ஓய்வூதியக்காரர்களின் தாள்களையெல்லாம் அடுக்கி, அலமாரியில் வைத்துப் பூட்டினார்.