முதுமலைக்குப் போகாத கதை

அன்வருதீன் புலியைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் எதிரில் இருப்பவரின் டீ ஆறிப்போகும். யானை வந்தால் எப்படி நிற்க வேண்டும், கரடி துரத்தினால் எப்படி மூச்சை அடக்க வேண்டும், எல்லாம் அத்துப்படி. எல்லாம் செல்போனில் பார்த்தது. முதலியார்பேட்டையில் சூட்கேஸ் கடை வைத்திருக்கிறார். அதைப் பெட்டிக்கடை என்று யாராவது சொன்னால் கோபம் வரும். ஊருக்கெல்லாம் பெட்டி விற்றவர், தன் பெட்டியோடு விழுப்புரத்தைத் தாண்டியது கிடையாது.

உண்மையில் நாலு காலில் நடக்கும் எதைக் கண்டாலும் அவருக்கு நடுக்கம். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் ஒரு பக்ரீத் சமயம், கட்டியிருந்த ஆடு கயிற்றை உருவிக்கொண்டு கூடத்துக்குள் வந்துவிட்டது. அன்வருதீன் பாத்ரூமுக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார். ஆட்டைப் பிடித்துக் கட்டியாகிவிட்டது என்று சொல்லியும் நம்பவில்லை. அதைக் கத்த வைக்கச் சொல்லி, சத்தம் கொல்லைப் பக்கத்திலிருந்துதான் வருகிறது என்று உறுதி செய்துகொண்ட பிறகே வெளியே வந்தார்.

இதை அவருடைய சகலை, அதாவது மனைவியின் தங்கச்சி புருஷன் ஸைத், ஒரு கல்யாணப் பந்தியில் நடித்தே காட்டிவிட்டான். பந்தியில் பாதிப்பேர் பிரியாணியை விட்டுவிட்டுச் சிரித்தார்கள். அன்றைக்கே அன்வருதீன் சத்தியம் செய்தார், சகலை வீட்டு வாசப்படியை இனி மிதிப்பதில்லை என்று.

ஸைத் கூடலூரில் வீடு கட்டினான். நம்ம கடலூர் இல்லை, நீலகிரியில் இருக்கிற கூடலூர். தங்கச்சி தஸ்லீமின் புது வீட்டை அன்வருதீனின் மனைவி ரோஷன் பீவி வீடியோ காலில்தான் பார்த்திருக்கிறாள். புருஷனை விட்டுவிட்டுத் தனியாகப் போய் நிற்க அவளுக்கு மனசு வரவில்லை. பத்து தடவை அவரைக் கேட்டாள். பத்து தடவையும், "என் மானம் முக்கியமா, உன் தங்கச்சி வீட்டு டைல்ஸ் முக்கியமா?" என்று கேட்டார். பதினோராவது தடவை அவள் கேட்கவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்மா முடிந்து வந்தவருக்குச் சோறு போட்டுக்கொண்டே சொன்னாள்.

"என்னாங்க, முதுமலைக்குப் போலாம்னு இருக்கேன். தேசியப் பூங்கா. கார் கூட சொல்லிட்டேன்."

பூங்கா என்றதும் அன்வருதீன் கடற்கரைக்குப் பக்கத்தில் இருக்கும் பாரதி பூங்காவைத்தான் நினைத்தார். "போலாமே. பெஞ்சு இருக்குமில்ல?"

"ஜீப்பு இருக்கும். காலைல ஆறு மணிக்குக் காட்டுக்குள்ள கூட்டிட்டுப் போவாங்க. யானை, காட்டெருமை. நமக்கு அதிர்ஷ்டம் இருந்தா புலி."

யாருக்கு அதிர்ஷ்டம், நமக்கா புலிக்கா என்று கேட்க வாயெடுத்தார். கேட்டது வேறு.

"ஜீப்புக்குக் கதவு இருக்குமா?"

"திறந்த ஜீப்பாம். அப்பதான் போட்டோ நல்லா வருமாம்."

"கதவு இல்லாத வண்டிய எந்த நம்பிக்கைல..."

"அதான் நீங்க இருக்கீங்களே. யானை வந்தா எப்படி நிக்கணும்னு டீக்கடைல கிளாஸ் எடுக்கறதே நீங்கதான. தெருவுல எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன்."

மறுநாள் காலையில் அன்வருதீன் பக்கத்து மெடிக்கல் ஷாப்பில் போய் நின்றார். கடைக்காரர் கோவிந்தராசு இருபது வருஷச் சிநேகிதர்.

"ராசு, காய்ச்சலுக்கு மாத்திரை இருக்குதா?"

"போறதுக்குத்தான பாய்?"

"வர்றதுக்கு."

"அது இல்ல."

"வயித்துவலி?"

"அதுவும் போறதுக்குத்தான் இருக்குது."

"வர்றதுக்கு ஒண்ணுமே இல்லாம என்னா கடை நடத்துற நீ?"

கோவிந்தராசு விஷயத்தைக் கேட்டுக்கொண்டே, மேசைக்கு அடியில் தயாராக இருந்த கட்டுத்துணியை எடுத்து வைத்தார். "கால்ல கட்டு போட்டுக்குங்க பாய். யாரும் பிரிச்சுப் பாக்க மாட்டாங்க."

அன்வருதீனுக்கு முதல் கால்கட்டு இருபத்தாறு வருஷத்துக்கு முன்னால் நிக்காஹ் அன்று விழுந்தது. இது இரண்டாவது. விரலிலிருந்து முட்டி வரைக்கும் சுற்றிக்கொண்டு, ஆட்டோவில் வந்து இறங்கி, நொண்டிக்கொண்டே வீட்டுக்குள் வந்தார்.

ரோஷன் பீவி பதறவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டாள். "எங்க விழுந்தீங்க?"

"கடையில. மேல இருக்கிற பெரிய பெட்டிய எடுக்கப் போயி, ஸ்டூலு வழுக்கிடுச்சு. எனக்கு ஒண்ணும் பெருசா இல்ல. ஆனா ஜீப்பு குலுக்குமே, அதான் யோசிக்கிறேன்."

"இருங்க, போன்ல கேட்டுட்டு வரேன்" என்று உள்ளே போனாள். திரும்பி வந்தபோது முகம் மலர்ந்திருந்தது. "கவலையே இல்லங்க. நடக்க முடியாதவங்கள ரெண்டு ஆளு தூக்கி உக்கார வெப்பாங்களாம். முன் சீட்டு குடுப்பாங்களாம்."

முன் சீட்டு. கதவு கிடையாது. காலில் கட்டு வேறு, ஓடவும் முடியாது.

"வேற வழி எதுவும் இல்லயா?"

"இருக்குது. நீங்க ஒத்துக்க மாட்டீங்க."

"சொல்லு."

"வேணாங்க. உங்க மானம் போயிடும்."

"சொல்லு புள்ள."

"அங்கேர்ந்து பக்கம்தான் தஸ்லீம் வீடு. நாலு நாளு அங்கயே தங்கிட்டு வந்துடலாம், காட்டுப் பக்கமே போவாம. ஆனா நீங்கதான் சத்தியம்..."

"என்னா சத்தியம்? சொந்தபந்தம்னா முன்ன பின்ன இருக்கத்தான் செய்யும். பெட்டிய எடுத்து வெய்யி."

கூடலூர் போய்ச் சேர்ந்ததும் ஸைத் ஓடி வந்து கட்டிக்கொண்டான். ஆட்டைப் பற்றி மூச்சு விடவில்லை. தஸ்லீம் நெய்ச்சோறும் குருமாவும் போட்டு, "இன்னும் கொஞ்சம் மச்சான்" என்று இலையை மறைக்க மறைக்க ஊற்றினாள். சாப்பாட்டுக்குப் பிறகு ஸைத் கேரம் போர்டை எடுத்து வைத்தான். முன்பெல்லாம் ஈத் வந்தால் இரண்டு பேரும் மணிக்கணக்காக ஆடுவார்கள். அன்வருதீனுக்கு மனசு லேசாகிவிட்டது. யானை இல்லை. புலி இல்லை. ஒன்பது வருஷமாக இவனையா விட்டு வைத்திருந்தோம் என்று தோன்றியது. அடுக்களையில் அக்காளும் தங்கச்சியும் சிரிக்கிற சத்தம் நிற்கவே இல்லை.

"மாடி ரூமைத்தான் அண்ணே உங்களுக்குன்னு நெனச்சிருந்தேன், ஜன்னலத் திறந்தா மலை தெரியும்" என்றான் ஸைத், சிவப்புக் காயைக் குறி பார்த்துக்கொண்டே. "அக்காதான் போன மாசமே போன் பண்ணி, மாடியெல்லாம் வேணாம், அவரு கால்ல கட்டோடதான் வருவாரு, கீழ் ரூமை ஒழிச்சு வெய்யுங்கன்னு சொல்லிட்டாங்க."