டிக்கெட் படித்த படிப்பு

அவள் கை இரண்டும் சோப்பு நுரைக்குள் இருந்தன. குழந்தையின் துணி ஒரு வாளி, புருஷனின் காக்கிச் சட்டை ஒரு வாளி. காலரில் ஏறியிருந்த அழுக்கோடு அவள் மல்லுக்கட்டிக்கொண்டிருந்த நேரம் பார்த்து, அவன் எதிரில் வந்து நின்று, தொண்டையைச் செருமி, ஒரு சபதம் போட்டான்.

இன்றிலிருந்து நாற்பது நாளைக்கு அவன் இந்த வீட்டு ஆளே இல்லையாம். கடைக்குப் போகமாட்டான். தண்ணீர் பிடிக்கமாட்டான். குழந்தையைத் தூக்கமாட்டான். வேலை விட்டு வந்ததும் பின் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினால் எட்டு மணிக்குத்தான் திறப்பான். நடுவில் வீடு தீப்பிடித்தாலும் யாரும் கதவைத் தட்டக் கூடாது.

"தீப்பிடிச்சா நான் என்ன செய்யட்டுங்க?" என்று கேட்டாள் அவள், தலையை நிமிர்த்தாமல்.

"சின்னதாப் பிடிச்சா நீயே அணைச்சிடு."

சரி என்று தலையாட்டிவிட்டுக் காலரை மறுபடியும் தேய்த்தாள். அவள் எதற்கும் இப்படித்தான். நாலு வார்த்தை பேச வேண்டிய இடத்தில் ஒரு வார்த்தை பேசுவாள். அந்த ஒன்றையும் தரையைப் பார்த்துப் பேசுவாள்.

அவனுக்குத் தெருவில் 'டிக்கெட்' என்று பெயர். ஊரிலுள்ள பெரிய தாவரத் தோட்டத்து வாசலில் ஒன்பது வருஷமாக டிக்கெட் கிழிக்கிறான். கிழிப்பது நிரந்தரம், வேலை தற்காலிகம். இப்போது அதற்கும் முடிவு வந்திருந்தது. தோட்டத்தில் நிரந்தர ஊழியர் இரண்டே பேரை எடுக்கப்போகிறார்கள். அதற்கு எழுத்துப் பரீட்சை. எட்டாவது பாஸ் ஆன யார் வேண்டுமானாலும் எழுதலாம். மரம், செடி, பூச்சி, பறவை எல்லாவற்றுக்கும் அறிவியல் பெயர் தெரிந்திருக்க வேண்டும். உலகத்தில் எதை யார் கண்டுபிடித்தார் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். பட்டியலில் பெயர் வராத தற்காலிக ஆட்கள் அந்த மாதக் கடைசியில் காக்கிச் சட்டையைக் கழற்றிக் கொடுத்துவிட்டுப் போகவேண்டியதுதான். சட்டையோடு வீட்டையும். அவர்கள் குடியிருந்த இரண்டு அறையும் தோட்டத்துக்குச் சொந்தம்.

தோட்டத்தில் ஒவ்வொரு மரத்தின் மார்பிலும் தகரத் தகட்டில் அதன் பெயர் ஆணியடித்துத் தொங்குகிறது. ஒன்பது வருஷத்தில் அவன் ஒரு தகட்டையும் வாசித்தவனில்லை. வந்தவர்கள் மரத்தைப் பார்ப்பார்கள், இவன் வந்தவர்களைப் பார்ப்பான்.

முதல் நாள் ஒழுங்காகத்தான் உட்கார்ந்தான். நெல் என்றால் ஒரைசா சட்டைவா. மா என்றால் மாஞ்சிஃபெரா இண்டிகா. தென்னை என்றால் கோகோஸ் நியூசிஃபெரா. நாலாவதற்கு வரும்போது முதலாவது போயிருந்தது. முதலாவதைத் தேடிப் போனால் மூன்றாவது தொலைந்தது. சந்தைக்குக் குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு போன மாதிரி ஆகிவிட்டது. அந்த நேரம் பார்த்துப் பின்பக்கச் சவரக் கடையிலிருந்து கேரம் காய்கள் 'டக்' என்று மோதும் சத்தம் வந்தது. சவரக்காரர் அவனை ஏழு நாளாகத் தோற்கடித்துக்கொண்டிருந்தார். எட்டாவது நாள் அவன் போகாவிட்டால், பயந்து ஓடிவிட்டான் என்று ஆகாதா? மனுஷனுக்கு மானம் வேண்டாமா?

அந்த மானம்தான் அவனுக்கு ஒரு யோசனை கொடுத்தது. போனை எடுத்தான். புத்தகத்தில் முதல் இரண்டு பக்கத்தைச் சத்தமாக வாசித்துப் பதிவு செய்தான். மறுநாள் மாலை கதவைச் சாத்தினான். போனைக் கதவுக்குப் பக்கத்தில் வைத்துத் திரும்பத் திரும்ப ஓடும்படி அமுக்கினான். பின் ஜன்னலுக்குக் கம்பி கிடையாது. ஒரு கால், இன்னொரு கால், அப்புறம் சவரக் கடை.

உள்ளே அவன் குரல் கர்மசிரத்தையாகப் படித்துக்கொண்டிருந்தது. வீட்டு ஈ, மஸ்கா டொமெஸ்டிகா. பெனிசிலின், ஃப்ளெமிங். வெளியே அவன் சிவப்புக் காயைக் குறிபார்த்துக்கொண்டிருந்தான்.

ஐந்தாம் நாள் ஆட்டம் முடிந்து ஜன்னலில் கை வைத்தவன் அப்படியே நின்றுவிட்டான். உள்கதவை யாரோ தட்டிக்கொண்டிருந்தார்கள். "ஏங்க... ஏங்க..." என்று மெதுவாக அவள் குரல். அதைக் கொஞ்சமும் சட்டை பண்ணாமல் அவனுடைய இன்னொரு குரல் ரேடியத்தை மேரி க்யூரிக்குக் கொடுத்துக்கொண்டிருந்தது. ஜன்னலில் தாவியதில் முழங்கால் சுவரில் இடித்தது. வலியைப் பல்லால் கடித்துக்கொண்டு போனை அணைத்து, புத்தகத்தை விரித்து, அது தலைகீழாக இருந்ததைத் திருப்பி, கதவைத் திறந்தான்.

அவள் கையில் ஒரு டம்ளர் வெந்நீர்.

"அஞ்சு நிமிஷமாத் தட்டறேன். படிப்புல அப்படியே ஊறிட்டீங்க போல."

"ஆமாமா. உலகமே தெரியலை எனக்கு."

"வேர்த்திருக்கீங்களே."

"மூளை வேலை செஞ்சா வேர்க்கும். உனக்குத் தெரியாது."

டம்ளரை நீட்டினாள். "ஃப்ளெமிங்கு பேரைச் சொன்னதும் ஒரு இருமல் வருதுங்க உங்களுக்கு. நாலு நாளாப் பாக்கறேன், அதே இடத்துல. அதான் வெந்நீர்."

டிக்கெட் டம்ளரை வாங்கிக்கொண்டான். இந்தப் பெண் என்ன கேட்கிறாள்? தெரிந்து கேட்கிறாளா, தெரியாமல் கேட்கிறாளா? முகத்தைப் பார்த்தான். வழக்கம்போல அது தரையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"அந்தப் பேரு அப்படி. தொண்டையில மாட்டும்" என்றான்.

"அப்படிங்களா" என்றாள். நம்பிவிட்டாள். அவன் வெந்நீரை ஒரே மூச்சில் குடித்து நாக்கைச் சுட்டுக்கொண்டான்.

போகும்போது கதவுப் பக்கம் நின்று தயங்கித் தயங்கி ஒன்று சொன்னாள். தினமும் அதே ரெண்டு பக்கத்தையே படிக்கிறாரே, புத்தகம் தடிமனாக இருக்கிறதே என்று. தனக்கு இதெல்லாம் தெரியாது, தப்பாக இருந்தால் மன்னிச்சுக்கணும் என்று.

மாட்டாமல் தப்பித்ததே பெரிது. அன்றிலிருந்து தினம் ஒரு புதுப் பதிவு போட்டான். இருமாமல் போட்டான். மத்தியானம் தோட்டத்தில் கூட்டம் ஓய்ந்திருக்கும்போது பம்பு செட்டுக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டு புத்தகத்தை உரக்க வாசிப்பான். வாய் வாசிக்கும். மனசு, நேற்று ஓட்டையின் விளிம்பில் நின்று விழாமல் போன காயை நினைத்துக்கொண்டிருக்கும்.

அவளுக்கு அதிலும் சின்னச் சின்ன விண்ணப்பங்கள் இருந்தன. ரொம்ப வேகமாகப் படிக்கிறாராம். அப்பா குரல் நிதானமாகக் கேட்டால்தான் குழந்தை அடங்குகிறதாம். அதனால் நிதானமாகப் பதிந்தான். ஒவ்வொன்றையும் மூன்று தரம் சொன்னால் மனசில் நிற்கும் என்று பக்கத்து வீட்டுத் தையல்கார அக்கா சொன்னாளாம். மூன்று தரம் பதிந்தான். செடிகொடியே கேட்கிறதே, மீதிக் கண்டுபிடிப்பெல்லாம் எப்போது வரும் என்றாள். அதையும் பதிந்தான். அம்மைத் தடுப்பூசிக்கு ஜென்னர், ரத்த ஓட்டத்துக்கு ஹார்வி, எக்ஸ் கதிருக்கு ராண்ட்ஜன். சமையல் நேரம் மாறினால்கூட அவள் அந்தக் கதவுப் பக்கத்தை விட்டு நகரவில்லை. காய் நறுக்குவது அங்கே, துணி மடிப்பது அங்கே, குழந்தைக்குச் சோறூட்டுவது அங்கே. காவல் இருக்கிறாள் என்று அவனுக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

"பொண்டாட்டின்னா இப்படி அமையணும்" என்றான் சவரக்காரரிடம். "நான் படிக்கிறேன்னு பூனையைக்கூட உள்ள விடறதில்லை."

"நீ எப்போய்யா படிக்கிறே?" என்று கேட்டுவிட்டு சவரக்காரர் சிவப்பைப் போட்டார்.

பரீட்சைக்கு ஒன்பது நாள் இருக்கும்போது தோட்டத்துப் பம்ப்காரரின் மனைவி வந்தாள். பம்ப்காரரும் தற்காலிகம்தான், அவரும் பரீட்சை எழுதுகிறவர்தான். சும்மா வந்தேன் என்று சொல்லிக்கொண்டு வந்தவள் உட்காரவே இல்லை. அலமாரி சுவரிலேயே கட்டினதா என்று கேட்டாள். மழைக்கு ஒழுகுமா என்று கேட்டாள். பின் அறையில் தன் கட்டில் போடலாமா என்று காலடியால் அளந்து பார்த்தாள். போகும்போது, "மனசுல வெச்சுக்காதீங்க, யாருக்குக் கிடைச்சா என்ன" என்று சொல்லிக் குழந்தையின் கன்னத்தைக் கிள்ளிவிட்டுப் போனாள்.

அவன் வந்தபோது இவள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். கண் சிவந்திருந்தது. அது வெங்காயத்தாலா, வந்துபோனவளாலா என்று அவன் கேட்கவில்லை.

"ஏங்க, கிடைச்சிடும்ங்களா?"

"கிடைக்காம?"

"இந்த வெங்காயத்துக்கு என்னங்க பேரு? பரீட்சையில சொல்றாங்களே, அந்தப் பேரு."

டிக்கெட் கூரையைப் பார்த்தான். கூரையில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. இரண்டு நாளைக்கு முன்னால்தான் அதை மூன்று தரம், நிதானமாக, தன் வாயாலேயே பதிந்திருந்தான்.

"பரீட்சைக்கு முன்னாடி வெளியில சொன்னா மறந்துடும்" என்றான்.

அவள் அவனை நிமிர்ந்து பார்த்தாள். கல்யாணமாகி நாலு வருஷத்தில் அவ்வளவு நேரம் அவள் அவனைப் பார்த்ததில்லை. பிறகு குனிந்து அடுத்த வெங்காயத்தை எடுத்துக்கொண்டாள்.

அன்று அவன் நிஜமாகவே அறைக்குள் உட்கார்ந்தான். கேரம் சத்தம் கேட்டும் எழுந்திருக்கவில்லை. புத்தகம் முந்நூறு பக்கம், நாள் ஒன்பது. ஒரு பக்கத்தில் முப்பது பெயர். கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, கணக்கை விட்டுவிட்டான். மனசுக்குள்ளேயே படித்தான். கொஞ்ச நேரத்தில் கதவுக்கு அந்தப் பக்கமிருந்து, சத்தமே வரலையே, உடம்புக்கு முடியலையா என்று கேட்டாள். சத்தமாகப் படித்தால் தலை வலிக்கிறது, மௌனமாகப் படித்தால் இவள் சந்தேகப்படுகிறாள். கடைசியில் பழைய பதிவை ஓடவிட்டுக் காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு படித்தான். அந்த நாற்பது நாளும் அவன் குரலைக் காதால் கேட்காத ஒரே ஆள் அவன்தான்.

பரீட்சை ஒரு பள்ளிக்கூடத்தில். கொண்டுபோய் விடுகிறேன் என்று அவளும் கூடவே வந்தாள். பெட்டியிலிருந்த நல்ல துணியை எடுத்து உடுத்தியிருந்தாள். குழந்தையைத் தையல்கார அக்காவிடம் விட்டுவிட்டாள். வெயிலில் திரும்பிப் போகாதே, உள்ளே எங்கேயாவது நிழலில் உட்காரு என்று அவனே பெரிய மனசோடு சொன்னான். சரிங்க என்று பெண்கள் போகிற பக்கம் போனாள்.

கேள்வித்தாளில் வெங்காயம் இருந்தது. வேம்பு இருந்தது, கரப்பான்பூச்சி இருந்தது, டைனமைட் இருந்தது. எல்லாமே எங்கேயோ கேட்ட மாதிரி இருந்தது. கேட்ட மாதிரி இருந்தால் போதாது. நாலு விடையில் ஒன்றைக் குத்துமதிப்பாகக் குறிப்பதும், பெருவிரல் நகத்தைக் கடிப்பதுமாக இரண்டு மணி நேரம் போனது.

மூன்று வாரம் கழித்துத் தோட்டத்து அலுவலகப் பலகையில் பட்டியலை ஒட்டினார்கள். எண்ணூறு பேர் எழுதியிருந்தார்கள். ஒட்டிய தாளில் இரண்டே எண்கள். முதல் எண் யாரோ வெளியாள். இரண்டாவதும் அவனுடையது இல்லை. அவன் மறுபடியும் பார்த்தான். கீழிருந்து மேலே பார்த்தான். தாளுக்குப் பின்பக்கம் ஏதாவது இருக்குமோ என்று ஓரத்தைத் தூக்கிப் பார்த்தான். பம்ப்காரரும் பார்த்துவிட்டு ஒரு மரத்தடியில் போய் உட்கார்ந்தார்.

அவள் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு கூட்டத்துக்கு வெளியே நின்றாள். அவன் போய்ப் பக்கத்தில் நின்றான். வீட்டை எப்போது காலி பண்ணுவது, எங்கே போவது என்று அவளிடமே கேட்டுவிடலாமா என்றுகூடத் தோன்றியது.

"வரலை" என்றான்.

"தெரியுங்க" என்றாள். கைக்குள் மடித்து வைத்திருந்த ஒரு காகிதத்தை நீட்டினாள். "இதையும் கொஞ்சம் பாத்துட்டு வாங்களேன். எனக்குக் கூட்டத்துல போகக் கூச்சமா இருக்கு."

பிரித்தான். பரீட்சை அனுமதிச் சீட்டு. எண்ணை மட்டும் மனசில் வாங்கிக்கொண்டு போய்ப் பார்த்தான். இரண்டாவது எண். திரும்பி வந்தான்.

"இருக்கு. யாரு, தையல்கார அக்காவா?"

"நான்தாங்க."

அவன் சீட்டைத் திருப்பிப் பார்த்தான். பெயர் அவளுடையதுதான், படிப்பு எட்டாவது பாஸ். மூலையில் ஒட்டியிருந்த சின்னப் படத்திலும் அவள் தரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீ எப்போ படிச்சே?"

"நீங்க படிச்சப்போதாங்க."

"நான் எங்கே படிச்சேன்?"

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவனுக்கு உறைத்தது. அவள் சிரிக்கவில்லை. குழந்தையை அவன் தோளுக்கு மாற்றிவிட்டு, முந்தானையைச் சரிசெய்துகொண்டாள்.

"உனக்குத் தெரியுமா?"

"ரெண்டாம் நாளே தெரியுங்க. நீங்க ஜன்னல் வழியா இறங்கினப்போ பின்னாடி துணி காயப்போட்டுக்கிட்டு இருந்தேன்."

"தெரிஞ்சுமா நாப்பது நாளு சும்மா இருந்தே? அப்பவே கேட்டிருந்தா நானும் உக்காந்து படிச்சிருப்பேனில்ல?"

அவள் தரையைப் பார்த்தாள்.

"கேட்டிருந்தா போனை நிறுத்தியிருப்பீங்க. அப்புறம் எனக்கு யாருங்க இவ்ளோ நிதானமா, மூணு மூணு தரம்..."

உள்ளேயிருந்து அவள் எண்ணைக் கூப்பிட்டார்கள்.