சாம்பல் தேர்ந்த படலம்

ஒளியைச் சிறு துளைக்குள் அடக்கி நிழலைத் தாளில் விரித்தவனே, சிவப்பென்றும் பச்சையென்றும் உலகம் மயங்கித் திரிகையில் கறுப்பும் வெள்ளையும் அவற்றிடைப்பட்ட ஆயிரம் சாம்பலுமே மெய்யெனத் தெளிந்தவனே, நனைந்த காக்கையின் ஓர் இறகிலே ஓராயிரம் கருமை கண்ட கூர்விழியோனே, வாழ்க நீ! நின் முக்காலி தளராது நிற்க! நின் லென்ஸில் பூஞ்சை பற்றாதொழிக! நீ இணையதளம் எழுப்பிய பெரும்போரைப் பாடப் புகுகிறேன், நாவே, தடுமாறாதே, கேட்போரே, பாதியில் எழுந்து போகாதீர்.

அப்பெருமானைத் தெருவார் போட்டோக்காரர் என்பர். முன்னறையில் பாஸ்போர்ட் படம் எடுத்து வயிறு வளர்ப்பார். பின்னறையில் கறுப்பு வெள்ளைப் படங்களால் உயிர் வளர்ப்பார். கண்காட்சிக் கூடத்தின் நடுச்சுவரில் ஒருமுறையேனும் தம் படங்கள் தொங்கவேண்டும் என்பதே அவர் பிறவிப் பயன். ஆண்டுதோறும் அச்சுவரைக் கேட்பார். ஆண்டுதோறும் அது வேறொருவர்க்குப் போகும். இவ்வாண்டு கூடத்து மேலாளர் சற்றே இரங்கி, "வெப்சைட் இருந்தா அனுப்புங்க சார், மத்தியானம் சாப்பிட்டு வந்து பாக்குறேன், இன்னைக்கே முடிவு பண்ணியாகணும்" என்று திருவாய் மலர்ந்தார். இருக்கிறது என்று சொல்லிவிட்டார் நம் வீரர். இல்லை. மேலாளர் உண்டு முடிக்கும் வரையே தளம் கட்ட அவருக்கு வாய்த்த பொழுது.

படைத்துணையாக வந்தாள் கொழுந்தியாள், மனைவியின் தங்கை, இணையதளம் கட்டுவதையே தொழிலாகக் கொண்ட விரைவிரலாள். முகப்பையும் படவரிசையையும் தொடர்பு முகவரியையும் தேர்ந்த கொத்தனார் செங்கல் அடுக்குவதுபோல் மளமளவென அடுக்கி முடித்தாள். எஞ்சியது ஒன்றே: படங்களுக்குப் பின்னணி என்ன நிறம்? அவ்வினாவிலே மூண்டது போர்.

அவள் கறுப்பு வைத்தாள், படத்துக் காக்கை இருளில் கரைந்து அதன் கண் மட்டும் அந்தரத்தில் தொங்கியது, வீரர் உறுமினார். வெள்ளை வைத்தாள், மற்றொரு படத்து மூடுபனிப் பாலம் கரை தெரியாமல் கலைந்து ஒழுகியது, வீரர் கனைத்தார். ஒரே தளத்தை அவள் மடிக்கணினியிலும் இவர் மேசைக்கணினியிலும் திறந்து வைத்திருந்தமையால், அவள் வைத்ததை இவர் அழிக்க, இவர் அழித்ததை அவள் மீண்டும் வைக்க, ஒரு கரும்பை இரு களிறுகள் பற்றி இழுத்தாற்போல அப்பக்கம் இருண்டு வெளுத்து வெளுத்து இருண்டு, அச்சிற்றறையில் பகலும் இரவும் கண்ணிமைக்கும் போதெல்லாம் மாறி மாறி வந்துபோயின.

சாம்பல் வேண்டும் என்று முழங்கினார் வீரர்.

"எந்தச் சாம்பல் மாமா? அடுப்புச் சாம்பலா, சிகரெட் சாம்பலா?"

"மழைக்கு முன்னாடி வானம் ஒண்ணு இருக்கும் பாரு, வரவா போகவான்னு. அந்தச் சாம்பல்."

"அப்ப நீங்களே வானத்தைப் பாத்து வச்சுக்கங்க" என்று தன் ஆயுதமாம் மடிக்கணினியை மடக்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, ஒலிக்கும் கைப்பேசியோடு தெருவாசலுக்குப் போனாள்.

களத்தில் வீரர் தனித்து நின்றார். இங்கே ஓர் உண்மை உரைக்கவேண்டும். படங்களைத் திருத்துகையில் வண்ணமாயை கண்ணைத் தீண்டாதிருக்க, தம் கணினித்திரை முழுவதையும் நிறமற்றுத் தெரியும்படி அவர் மாற்றி வைத்திருந்தார். அது அவருடைய நோன்பு. அன்று அந்நோன்பை முடிக்க மறந்தார். ஆதலால் நிறம் தேரும் வட்டத்தைத் திறந்தபோது, செம்மையும் மஞ்சளும் நீலமும் முடிதுறந்த மன்னர்போல் வெறுஞ்சாம்பலாய் அவர்முன் அடிபணிந்து நின்றன. அடடா, சாம்பலுக்கென்றே ஒரு வட்டம் வைத்திருக்கிறார்களே என்று உளம் பூரித்து, வேட்டைப்புலியெனச் சுற்றிச் சுற்றி வந்து, அந்த மழைமுன் வானத்தைக் கண்டு, சுட்டியால் ஒரே குத்து! தளத்தை வெளியிட்டார், மேலாளருக்கு அனுப்பினார், மேசையை முரசாக்கித் தட்டினார்.

அவர் குத்தியது, ஐயகோ, ரோஸ். பஞ்சுமிட்டாயும் பார்த்து நாணும் ரோஸ். பிளாஸ்டிக் வாளிகள் குலம் குலமாய்ப் பூண்டொழுகும் ரோஸ்.

முதலில் கண்டவர் மனைவியார். தளத்தைத் திறந்த கைப்பேசியும் கையுமாக வந்து நின்று, "ஏங்க, காக்காவுக்கு எதுவும் கல்யாணமா?" என்று வினவினார். வீரர் தம் திரையை நோக்கினார்: சாம்பல். மனைவியார்க்குக் கண் சோதனை செய்துகொள்ளும்படி அறிவுரை பகர்ந்தார். அச்சொல் அவருக்கே ஆபத்தாக, அம்மையார் தங்கையைக் கூவி அழைக்க, விரைந்து வந்தவள் திரையையும் மாமாவையும் மாறி மாறிப் பார்த்து, "கண்ணெல்லாம் நல்லாத்தான் இருக்கு, உங்க திரைதான் மாமா பொய் சொல்லுது" என்று ஒரு பொத்தானைத் தட்டினாள். மடையுடைத்த வெள்ளமெனப் பாய்ந்தது ரோஸ்! வீரரின் மூக்கு சிவந்தது, மீசை சிவந்தது, பின்சுவரும் சிவந்தது. மேலாளர் கைகழுவும் நேரமோ நெருங்கிவிட்டது.

"மாத்திடவா மாமா?" என்று விரலோங்கி நின்றாள் கொழுந்தியாள்.

வீரர் திரையை நோக்கினார். அந்த ரோஸின் நடுவே காக்கை, கன்னங்கரேலென்று, தன் இறகுக் கருமை ஒன்றும் ஒளியாமல், இப்போதுதான் பறந்து வந்து உட்கார்ந்ததுபோல் உட்கார்ந்திருந்தது. பாலத்துப் பனி பனியாகவே நின்றது. அவர் போற்றிய எந்தச் சாம்பலும் அவற்றுக்கு இந்த உபகாரத்தைச் செய்ததில்லை. கோட்டைக்குள்ளேயே சாம்பற்கொடி சாய்ந்தது.

"கொஞ்சம் இரு" என்றார்.

அக்கணமே சங்கென ஊதியது தொலைபேசி. மேலாளர்தாம்.

"பாத்துட்டேன் சார். காலையிலேருந்து பாத்த சைட்டெல்லாம் ஒரே இருட்டு, தூக்கமா வந்துச்சு. உங்களதுதான் நிமிர்ந்து உக்கார வச்சுது. நடுச்சுவர் உங்களுக்குத்தான். சுவருக்கும் அதே கலரை அடிச்சிடலாம்னு பாக்குறேன். பெயின்டர் பக்கத்துலயே நிக்கிறாரு, கலருக்குப் பேர் என்னன்னு கேக்குறாரு."

கொழுந்தியாள் வாயைப் பொத்தினாள். மனைவியார் தங்கையின் தோளைக் கவ்வினார். நிழலுக்கு நாயகர், நிறங்களின் பகைவர், சாம்பற்குலத்தின் தனிப்பெருந்தலைவர், எண்டிசையும் செவிசாய்க்க, ஏழுகடலும் அலையடங்க, தொண்டையைச் செருமி, நெஞ்சை நிமிர்த்தி, வாய் திறந்தார்.

"ரோஸ் கலருங்க" என்றார்.