என் அக்குள் கட்டியின் கதை

அக்குளில் கட்டியோடு ஆஸ்பத்திரிக்குப் போனவர்கள் எத்தனையோ பேர். இல்லாத கட்டியோடு போனவன் அநேகமாக நான் ஒருவன்தான். எட்டு வருடமாகிறது. என் மனைவி கோமதியின் வீட்டில் அந்தக் கட்டியை இன்னும் யாரும் மறக்கவில்லை.

அப்போது எங்களுக்குக் கல்யாணமாகி ஆறு வருடம். குழந்தை இல்லை. இரண்டு வருடம் அவள் மட்டும் ஊசி, ஸ்கேன் என்று அலைந்தாள். எனக்கும் ஒரு பரிசோதனை செய்யலாம் என்று டாக்டர் சொன்னபோதெல்லாம் எனக்கு ஆபீசில் மீட்டிங் வந்துவிடும். (இல்லாத மீட்டிங்கை உண்டாக்குவதில் நான் கெட்டிக்காரன்.) கடைசியில் செய்து பார்த்தபோது, குறை என்னிடம் என்று தெரிந்தது. உயிரணுக்கள் குறைவு, இருந்தவையும் ஒழுங்காக நீந்தவில்லை. நல்லதாக ஒன்றைத் தேர்ந்தெடுத்து முட்டைக்குள் செலுத்திவிடலாம், ஆனால் அதன் தரம் சரியில்லையென்றால் கரு பாதியிலேயே நின்றுவிடலாம் என்றார் டாக்டர். அந்த ரிப்போர்ட்டை நான் வீட்டில் யாரிடமும் காட்டவில்லை. கோமதியும் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை.

அவளுக்கு முட்டை எடுக்கும் நாள் ஒரு சனிக்கிழமை. அன்று காலையே என் விந்து மாதிரியும் வேண்டும். அதற்கென்று ஆஸ்பத்திரியில் ஓர் அறை உண்டு. முன்பு ஒருமுறை அங்கே முக்கால் மணி நேரம் உட்கார்ந்து, சுவரில் ஒட்டியிருந்த கைகழுவும் முறையை மனப்பாடம் செய்துகொண்டு, காலி டப்பாவோடு வெளியே வந்தவன் நான். அதனால் வீட்டிலிருந்தே கொண்டுவரச் சொன்னார்கள். எடுத்த ஒரு மணி நேரத்துக்குள் வந்து சேர வேண்டும். டப்பா உடம்புச் சூட்டிலேயே இருக்க வேண்டும்.

கோமதி விடிந்ததும் தனியாகக் கிளம்பிப் போனாள். நான் பிடோக்கில் இருந்த எங்கள் வீட்டிலிருந்து டப்பாவை அக்குளில் இடுக்கிக்கொண்டு புறப்பட்டேன். டாக்சி கிடைக்கவில்லை. எம்.ஆர்.டி. ரயிலில் நான் நின்ற கோலத்தைப் பார்த்து ஒரு வயதான சீன அம்மா எழுந்து இடம் கொடுத்தார். (உட்கார்ந்துவிட்டேன். மானத்துக்கு அன்று விடுமுறை.)

தேக்கா வந்து சேர்ந்தபோது இருபது நிமிடம் மீதி இருந்தது. சந்தைக்குள் புகுந்து குறுக்கே நடந்தால் ஆஸ்பத்திரி பக்கம். புகுந்தேன். மீன் கடை முன்னால் கோமதியின் அண்ணன் தனபால் நின்றுகொண்டிருந்தார்.

"மாப்பிள்ள! என்ன இந்தப் பக்கம்? இதக் கொஞ்சம் பிடிங்க" என்று ஐஸ் போட்ட மீன் பையை என் மார்புக்கு நேரே நீட்டினார். நான் பாம்பைக் கண்டவன்போல் பின்னால் நகர்ந்தேன்.

"கைக்கு என்ன ஆச்சு?"

"அக்குள்ல கட்டி, மச்சான்."

"கட்டியா? எங்க, காட்டுங்க."

கையைத் தூக்க வந்தார். நான் சுற்றினேன். அவரும் சுற்றினார். மீன்காரர் வெட்டுவதை நிறுத்திவிட்டு, மஞ்சளைக் குழைத்துப் போடுங்கள் என்றார். பக்கத்தில் நண்டு வாங்கிக்கொண்டிருந்தவர், ஊதுபத்திச் சாம்பல்தான் நல்லது என்றார். அவர்கள் இருவரும் மோதிக்கொண்ட நேரத்தில் மச்சான் குரலைத் தாழ்த்தினார்.

"கோமதி எப்படி இருக்கு? ஏதும் நல்ல சேதி?"

"இன்னும் இல்ல, மச்சான்."

"சின்ன வயசுலேருந்தே அது உடம்பு வீக் லா. வேற ஆளா இருந்தா என்னென்னமோ பேசியிருப்பான். நீங்க பொறுமையா வச்சிருக்கீங்க."

குறை என்னிடம், மச்சான். அவ்வளவுதான் சொல்ல வேண்டியிருந்தது. அந்த நேரத்தில் அவள் ஆஸ்பத்திரிக் கட்டிலில் மயக்க ஊசிக்குக் காத்திருந்தாள். நான் ஆமாம் என்பதுபோல் தலையை ஆட்டினேன்.

ஐந்து நிமிடம் மிச்சம் வைத்து டப்பாவைக் கொடுத்துவிட்டேன். மயக்கம் தெளிந்த கோமதியிடம் கட்டிக் கதையைச் சொன்னேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரித்தால் வலிக்கிறது என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். தலையை ஆட்டியதை மட்டும் நான் சொல்லவில்லை.

கருக்கள் மூன்று நாள் நன்றாக வளர்ந்தன. பிறகு ஒவ்வொன்றாக நின்றன. மிஞ்சிய ஒன்றை வைத்தார்கள், அது தங்கவில்லை. முட்டைகள் நன்றாகத்தான் இருந்தன என்று டாக்டர் மெதுவாகச் சொன்னார். மீதியை அவர் சொல்லவில்லை. இன்னொரு முறையும் முயன்றோம். அதோடு நிறுத்திவிட்டோம்.

கட்டி மட்டும் நன்றாக வளர்ந்தது. ஒவ்வொரு தீபாவளிக்கும் மார்சிலிங்கில் மச்சான் வீட்டுக்குப் போனால், "மாப்பிள்ள, கட்டி எப்படி இருக்கு?" என்பார். நான் சந்தையில் சுற்றியதை நடித்துக் காட்டுவார். எல்லோரும் சிரிப்பார்கள், கோமதியும்தான்.

போன தீபாவளியில் நடித்து முடித்தவர், வந்திருந்த ஒருவரிடம், "தங்கச்சிக்குத்தான் குடுத்து வைக்கல" என்றார். கோமதி தட்டைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டாள். என்னால் அதற்குமேல் முடியவில்லை.

"மச்சான், அது கட்டி இல்ல" என்றேன். எல்லாவற்றையும் சொன்னேன். குறை என்னுடையது என்றேன். தலையை ஆட்டியதையும் சொன்னேன். அதைக் கோமதியும் அப்போதுதான் கேட்டாள். கேட்டுவிட்டு எழுந்து போய்க் கை கழுவினாள். வீடு திரும்பும்போது ரயிலில் என்னை விட்டுத் தள்ளிப்போய் உட்கார்ந்தாள்.

இந்தத் தீபாவளிக்கு மச்சான் என் முகத்தைப் பார்க்காமலே பரிமாறினார். கட்டியைப் பற்றி யாரும் பேசவில்லை. கோமதிதான் ரசத்தை ஊற்றிக்கொண்டே கேட்டாள்.

"என்ன, இந்த வருஷம் யாருமே கேக்கல? கட்டி எப்படிங்க இருக்கு?"

நான் கையை நன்றாக மேலே தூக்கிக் காட்டினேன். மச்சான்தான் முதலில் சிரித்தார். பிறகு துண்டை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.