ஞானத்தாயைச் சேர்த்துத் தைத்த கதை

கூச்சப்படுகிறவர்களுக்கு ஒரு நல்ல வசதி உண்டு. யாரும் எங்களை எதற்கும் கூப்பிட மாட்டார்கள். கல்யாண வீட்டில் மைக்கைக் கையில் கொடுக்க மாட்டார்கள். போட்டோவில் முன்னால் வந்து நில் என்று சொல்ல மாட்டார்கள். மாதா கோவிலில் எனக்கென்று ஒரு தூண் இருக்கிறது. அதன் பின்னால் உட்கார்ந்துவிட்டால் சாமியாருக்கு என் முக்காட்டு நுனிகூடத் தெரியாது.

இப்படிப்பட்ட நான், ஒரு ஞாயிற்றுக்கிழமை, நிறைந்த கோவிலில், பீடத்துக்கு முன்னால், எல்லோரும் பார்க்க, பாங்கு மேனேஜரான என் தம்பி மகளை ஒரு குழந்தையோடு சேர்த்துத் தைத்துவிட்டேன். வேண்டுமென்று செய்யவில்லை. ஆனால் தையல் மிக நன்றாக இருந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

எனக்குப் பழைய தையல் சாமான்கள் என்றால் உயிர். மரக்கட்டையில் சுற்றிய நூல், அட்டையில் வரிசையாகக் குத்தி விற்ற கொக்கிகள், மூக்கு நீண்ட எண்ணெய்க் குப்பி, ஊசி குத்தாமல் இருக்க விரலில் மாட்டுகிற பித்தளைத் தொப்பி என்று ஒரு டிரங்குப் பெட்டி நிறைய வைத்திருக்கிறேன். (தம்பி இதைக் காயலான்கடை என்பான். சொல்லட்டும்.) எல்லாவற்றிலும் பெருமையானவை, அம்மா காக்கித் தாளில் வெட்டி வைத்த அளவுகள். அம்மா கன்னியர் மடத்தில் தையல் படித்தவள். வீட்டுப் பிள்ளைகள் எல்லோருடைய கவுனும் சட்டையும் தாளாக என்னிடம் இருக்கின்றன. தம்பியின் இரண்டு வயசு இடுப்பு என் பெட்டியில் இருக்கிறது. இன்றைய இடுப்புக்குத் தாள் வாங்க வேண்டுமென்றால் கடைக்கு ஆட்டோ எடுத்துத்தான் போக வேண்டும்.

அந்தப் பெட்டியின் ராணி, எங்கள் குடும்பத்து ஞானஸ்நான கவுன். அம்மா தன்னுடைய வெள்ளைக் கல்யாணச் சேலையை வெட்டித் தைத்தது. கழுத்தில் குரோஷா லேஸ். நான், தம்பி, அவனுடைய பிள்ளைகள் லில்லி, சேவியர் எல்லோரும் அதைப் போட்டுத்தான் தலையில் தண்ணீர் வாங்கினோம்.

சேவியருக்கு மகன் பிறந்ததும் நான் கவுனை வெளியே எடுத்து வெயிலில் போட்டேன். சேவியரின் மனைவி பெனிட்டா பார்த்தாள். நல்ல பெண். குரலைத் தாழ்த்தித்தான் சொன்னாள்.

"தப்பா எடுத்துக்காதீங்க அத்தை. இவ்ளோ பழசு, பாவமா இருக்கு. அழகா கண்ணாடி போட்டு ஹால்ல மாட்டிடலாம். புள்ளைக்கு ஆன்லைன்ல சாட்டின் செட் வந்திருக்கு. தொப்பி, ஷூ எல்லாம் இருக்கு."

அவள் மரியாதையாகத்தான் சொன்னாள். ஆனால் எங்கள் வீட்டில் கண்ணாடிக்குள் மாட்டுவது செத்தவர்களைத்தான்.

"ஒரு தரம் போட்டுப் பாக்கலாமே" என்றேன். அவளிடம் அல்ல, சுவரிடம்.

"சரிங்க அத்தை, போடுங்க. ஆனா கோவில்ல ஏதாச்சும் கிழிஞ்சு மானம் போச்சுன்னா அப்புறம் ஃப்ரேம்தான். பேச்சு மாறக் கூடாது."

இதில் ஒரு சிக்கல். அம்மா காலத்தில் பிள்ளை பிறந்த கையோடு கோவிலுக்குத் தூக்கிப் போய்விடுவார்கள். கவுனின் அளவும் அந்தப் பச்சைக் குழந்தை அளவுதான். சேவியருக்கோ வளைகுடாவில் வேலை. அவனுக்கு லீவு கிடைப்பதற்குள் பிள்ளை ஆல்வின் சுவரைப் பிடித்து நிற்கிறான், பல் முளைத்துக் கடிக்கிறான். தூக்கினால் மண்ணச்சநல்லூர் பொன்னி அரிசிச் சிப்பம்.

நான் அசரவில்லை. அம்மாவின் காக்கித் தாளை விரித்து, இரண்டு பக்கத் தையலையும் பிரித்து, அதே சேலையில் மிச்சமிருந்த துணியில் பட்டி வெட்டி வைத்தேன். இதுவரைக்கும் புத்தி இருந்தது. அதற்கப்புறம் சேகரிப்புக்காரியின் கர்வம் வந்துவிட்டது. அம்மாவின் துணிக்குக் கடை நூலா? அந்தக் காலத்துத் துணிக்கு அந்தக் காலத்து நூல்தான் என்று மரக்கட்டை நூலை எடுத்தேன்.

அந்தக் கட்டை ஸ்ரீரங்கத்து மாமி ஒருத்தர் கொடுத்தது. பல வருஷம் அவர்களுக்கு நான் ஜாக்கெட் தைத்துக் கொடுத்திருக்கிறேன். வீடு மாறும்போது கூப்பிட்டுவிட்டார். "இதெல்லாம் எங்காத்துல சும்மா கெடக்கறது, நீங்க எடுத்துண்டு போங்கோ" என்று டப்பாவோடு கொடுத்தார். "பார்க்கத்தான் அழகு. தைக்கறதுக்கு ஆகுமோ என்னமோ, இழுத்துப் பார்த்துக்கோங்கோ" என்றும் சொன்னார். இழுத்துப் பார்த்தேன். பெரிய மனுஷருக்குக் கை கொடுப்பது போல, வலிக்காமல் இழுத்துப் பார்த்தேன். நின்றது.

ஞாயிறு வந்தது. பிள்ளையைக் கையில் ஏந்தி, அதற்காக வாக்குக் கொடுக்க வேண்டிய ஞானத்தாய் லில்லி. சென்னையில் இருந்து வந்திருந்தாள். லில்லி எந்த விசேஷத்துக்கும் வராமல் இருக்க மாட்டாள், எந்த விசேஷத்திலும் இருக்கவும் மாட்டாள். சாமியார் உள்ளே வரும்போது வருவாள், பந்தி போடும்போது வெளியே கார் கிளம்பும் சத்தம் கேட்கும். அன்றைக்கும் சந்தன நிறப் பட்டுச்சேலையில் மினுங்கிக்கொண்டு, "அத்தை, பூசை முடிஞ்சதும் எனக்குக் கார் வந்துடும். சாப்பாட்டுக்கு எல்லாம் பிடிச்சு வைக்காதீங்க" என்றாள்.

ஆல்வின் கவுனில் ஒரு குட்டி பிஷப்பைப் போல இருந்தான். நான் தூணுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்துப் பார்த்துப் பூரித்தேன்.

சாமியார் நெஞ்சில் எண்ணெய் பூச வந்தார். லில்லி கவுனின் கழுத்தைத் தளர்த்தினாள். ஆல்வினுக்குக் கூச்சம் கண்டது. (என் வம்சம்தானே.) இரண்டு கையையும் விரித்து, காலை உதைத்து, வில் மாதிரி வளைந்தான். சர்ரென்று ஒரு சத்தம். அக்குளிலிருந்து கீழ் மடிப்பு வரை ஒரு பக்கத் தையல் முழுதும் பிரிந்துவிட்டது. துணிக்கு ஒன்றுமில்லை. நூல்தான் பொடிப்பொடியாக உதிர்ந்தது. முன்வரிசையில் யாரோ சிரித்தார்கள். ஒருவர் சிரித்தால் போதும், எங்கள் பங்குக் கோவிலில் அது கடைசி வரிசை வரைக்கும் வந்துவிடும்.

பெனிட்டா சேவியரிடம் சொன்னது எனக்குக் கேட்டது. "பையில சாட்டின் செட் இருக்கு. எடுங்க."

அவ்வளவுதான், கண்ணாடியும் ஆணியும் என் கண் முன்னால் வந்துவிட்டன. சேசு மரி சூசை என்று எழுந்தேன். என் கால்கள் எனக்குச் சொல்லாமலேயே நடந்தன. என் ஜெபமாலைப் பையில் எப்போதும் நூல் கோத்த ஊசி ஒன்று இருக்கும். அன்றைக்கு அதில் இருந்தது நான் மதிக்கவே மதிக்காத புது பாலியஸ்டர் நூல். பீடத்துக்கு முன்னால் போய் நின்றபோதுதான், எல்லோரும் என்னைப் பார்க்கிறார்கள் என்பது உறைத்தது. திரும்பி ஓடலாம். ஆனால் திரும்பினால் எல்லோர் முகத்தையும் பார்க்க வேண்டும். அதற்குத் தைப்பதே மேல்.

"என்ன அத்தை பண்றீங்க?" என்றாள் லில்லி, உதடு அசையாமல்.

"புள்ளைய ஆடாம பிடி."

சாமியார் ஒரு நிமிஷம் பார்த்தார், பிறகு பிரார்த்தனையைத் தொடர்ந்தார். சாத்தானை விட்டுவிடுகிறீர்களா, அவனுடைய செயல்களை விட்டுவிடுகிறீர்களா என்று கேட்டார். என் தலைக்கு மேலே லில்லி ஒவ்வொன்றுக்கும் "விட்டுவிடுகிறேன்" என்று சொல்லச் சொல்ல, நான் கீழே நெருக்கமாகத் தையல் போட்டுக்கொண்டே போனேன். என் மூக்குக் கண்ணாடியில் வேர்வை. கவுனும் வெளுப்பு, அதன் கீழே மடிந்து கிடந்த முந்தானையும் வெளுப்பு. எனக்கு எல்லாம் ஒரே துணியாகத்தான் தெரிந்தது. முடிச்சுப் போட்டேன். மூன்று முடிச்சு, சந்தேகத்துக்கு இடமில்லாமல்.

தண்ணீர் ஊற்றியாயிற்று. ஆல்வின் அழவில்லை. தையல் அசையவில்லை. நான் என் தூணைப் பார்த்து ஏறக்குறைய ஓடினேன்.

பிறகு லில்லி பிள்ளையை பெனிட்டாவிடம் நீட்டினாள். பெனிட்டா வாங்கினாள். வாங்கிய வேகத்தில் லில்லியும் சேர்ந்து வந்தாள்.

"அண்ணி, விடுங்க" என்றாள் பெனிட்டா.

"நான் எங்கடி பிடிச்சேன்? நீ விடு."

"நான் புள்ளையத்தான் பிடிச்சிருக்கேன். நீங்க ஏன் என் மேல சாயறீங்க?"

"சாயல, என் முந்தானை வருது. சேவியர், என்னன்னு பாருடா."

சேவியர் குனிந்து பார்த்தான். நிமிர்ந்தபோது அவன் முகத்தில் சிரிப்பும் பயமும் கலந்து இருந்தன. "அக்கா, உன்னைச் சேத்துத் தச்சிருக்காங்க" என்றான்.

அடுத்து நடந்ததைத் தூணுக்குப் பின்னாலிருந்து ஒரு கண்ணால்தான் பார்த்தேன். சேவியர் நூலை இழுத்தான், அறுமா? பல்லால் கடித்தான், பாலியஸ்டர். கோவில் காரியம் பார்க்கிற உபதேசியார் கத்தரிக்கோல் தேடிப் போனவர் போனவர்தான். ஞானத்தந்தையான பெனிட்டாவின் அண்ணன், கையில் எரிகிற மெழுகுவத்தியோடு நின்றவர், உதவுகிற எண்ணத்தில் கிட்டே வந்தார்.

"நூலை மட்டும் லேசா சுட்டுடலாமா?"

"சேலை என்ன விலைன்னு தெரியுமா உங்களுக்கு? திரியைத் தூரப் பிடிங்க சார்" என்றாள் லில்லி. பாங்கில் கடன் கேட்டு வந்தவரிடம் பேசும் குரல்.

சாமியார் கையைத் தூக்கினார். கோவில் அமைதியானது.

"ஞானத்தாய் பேருக்கு வந்துட்டுப் போகக் கூடாது, புள்ளை கூடவே இருக்கணும்னு போன வாரம் ஞானஸ்நான வகுப்புல தொண்டை வத்தச் சொன்னேன்" என்றார். "யாரோ கேட்டிருக்காங்க. யாரும்மா தச்சது?"

யாரும் என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை. எல்லோரும் தூணைத் திரும்பிப் பார்த்தார்கள், அவ்வளவுதான். கோவிலே சிரித்தது. நானும் சிரித்துவிட்டேன். என் வயசுக்கு இத்தனை பேர் முன்னால் சிரித்தது அதுதான் முதல் தடவை. பெரிய கஷ்டமாக ஒன்றும் இல்லை.

அப்படியே போட்டோ எடுத்தார்கள். அப்படியே காரில் ஏறி வீட்டுக்கு வந்தார்கள். லில்லியின் கார் வேறு, வாசலில் வந்து நின்றுகொண்டு ஹாரன் அடித்தது. நான் அடுக்களையிலிருந்து கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு, தலையைக் குனிந்துகொண்டு லில்லியிடம் போனேன். ஆல்வின் அவள் தோளில் வாயைத் திறந்துகொண்டு தூங்கிக்கொண்டிருந்தான். பட்டுச்சேலையில் எச்சில் ஒழுகி ஒரு குளம்.

"வெட்டிடறேன் லில்லி. சேலைக்கு ஒண்ணும் ஆகாது."

அவள் பிள்ளையைப் பார்த்தாள். "வேணாம் அத்தை. கத்தரி சத்தத்துல முழிச்சுக்குவான்" என்றாள். பிறகு சேவியரைப் பார்த்து, "அந்தக் காரைப் போகச் சொல்லுடா. ராத்திரி பஸ்ல போயிக்கறேன்" என்றாள்.

அன்றைக்கு அவள் பந்தியில் உட்கார்ந்து, ஒரு கையால் பிரியாணி சாப்பிட்டாள். தம்பி அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, கேட்காமலே இரண்டாம் முறை வைத்தான். சாயந்திரம் ஆல்வின் விழித்த பிறகுதான் நூலை வெட்டினேன். சேலையில் பொட்டுப் பொட்டாக ஊசித் துளைகள். அதை ரிப்பேர் செய்து தருகிறேன் என்றதற்கு லில்லி ஒத்துக்கொள்ளவில்லை. கவுனை மடித்து என் மடியில் வைத்தவள் பெனிட்டா.

"ஃப்ரேம் கடைக்காரர்கிட்ட வேணாம்னு சொல்லிட்டேன் அத்தை" என்றாள். "நீங்க ஜெயிச்சிட்டீங்க. ஆனா அடுத்த தரம் புது நூல்."

அடுத்த தரம் மணப்பாறையில், பெனிட்டாவின் தங்கைக்குப் பிள்ளை பிறந்தபோது வந்தது. கவுனை வாங்கிப் போகிறார்கள் என்றுதான் நினைத்தேன். கோவில் வாசலில் அந்தப் பெண்ணே என் கையில் ஊசியைக் கொடுத்தாள். "ஞானத்தாய் முந்தானையில ஒரே ஒரு தையல் போட்டுக் குடுங்க அத்தை. ராசி." போட்டேன். அதிலிருந்து எந்த வீட்டு ஞானஸ்நானம் என்றாலும் கவுன் போகிறது, கவுனோடு நான் போகிறேன். சாப்பாடு முடிகிற வரைக்கும் ஞானத்தாய் பிள்ளையை இறக்கக் கூடாது. அப்புறம்தான் அந்தத் தையலை வெட்டுவது. யார் விதி போட்டது என்று தெரியவில்லை. நான் போடவில்லை.

போன மாதம் ஒரு ஞானஸ்நானத்தில், புதிதாக வந்த இளவயசுச் சாமியார் தையலைக் கவனித்துவிட்டு, இது என்ன வழக்கம் என்று கேட்டார். தம்பி கையைக் கட்டிக்கொண்டு, முகத்தில் ஒரு சுருக்கம் இல்லாமல் பதில் சொன்னான்.

"எங்க குடும்பத்துல நூறு வருஷப் பழக்கம் ஃபாதர்."

சாமியார் பயபக்தியோடு தலையை ஆட்டிக்கொண்டார். எனக்கே இப்போதுதான் எழுபத்திரண்டு. அவன் எனக்கு இளையவன்.